பச்சோந்தியின் நகம் கையைக் கீறுகிறது, வெட்டிவிடலாமா?

வெட்டாதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை அப்புறம் பேசலாம்.

நீங்கள் கேட்டிருப்பது: ஜெர்மனியில் இருக்கிறீர்கள், வீட்டில் ஒரு யேமன் பச்சோந்தி வளர்க்கிறீர்கள், கையில் எடுத்தாலே கோடு கோடாகக் கீறல் விழுகிறது, நகத்தை வெட்டலாமா, இல்லை கையுறை போட்டுக்கொள்ளலாமா, லீவில் காரைக்குடி வரும்போது அதையும் கூட்டிவர முடியுமா. நான் பச்சோந்தி வளர்ப்பதில்லை. ஆனால் எங்கள் ஊரில் மழைக்காலத்தில் ரோட்டில் மாட்டிக்கொள்ளும் பச்சோந்திகளைப் பல தடவை மரத்தில் ஏற்றிவிட்டிருக்கிறேன். நம் ஊர்ப் பச்சோந்தியும் உங்களுடையதும் கமேலியோ என்ற ஒரே பேரினம், காலும் நகமும் ஒரே மாதிரிதான்.

அந்தக் காலை ஒருமுறை கிட்டத்தில் பாருங்கள். ஐந்து விரலும் இரண்டு கொத்தாக ஒட்டியிருக்கும். முன்னங்காலில் உள்பக்கம் மூன்று, வெளிப்பக்கம் இரண்டு. பின்னங்காலில் அதுவே மாறி உள்பக்கம் இரண்டு, வெளிப்பக்கம் மூன்று. அப்படியே குறடு. கிளையைக் கவ்வுவதற்கென்றே அமைந்த கால், நகம் அந்தக் குறட்டின் பல். பூனை மாதிரி பிறாண்டுவதற்கு வைத்துக்கொண்டிருப்பதில்லை. விழுந்துவிடுவோம் என்ற பயம் வரும்போது இறுக்கும், நாம் இழுத்தால் இன்னும் இறுக்கும். உங்கள் கையில் விழும் கீறலில் பெரும்பகுதி அது போட்டதாக இருக்காது, நாம் இழுப்பதால் வருவது.

இதை நான் கற்றுக்கொண்டது எங்கள் அப்பத்தாவிடம். மூன்று வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மழை விட்ட ஒரு மத்தியானம், ஊருணிக்கரை ரோட்டில் ஒரு பச்சோந்தியைப் பையன்கள் கல்லால் அடித்துக்கொண்டிருந்தார்கள். கடித்தால் விஷம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். விஷமெல்லாம் கிடையாது. ஒரு வேப்பங்குச்சியை முன்னால் நீட்டி ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன், அடி பட்டிருக்கிறதா என்று வனத்துறைக்குச் சொல்லிப் பார்க்கச் சொல்லலாம் என்று. முகப்பைத் தாண்டி வளவுக்குள் போனதும் குச்சியைக் கீழே வைத்தேன், அது ஆத்தங்குடிக் கல் தரையில் இறங்கிவிட்டது. பாவம், வழுவழு தரையில் கவ்வ ஒன்றுமே இல்லை, நாலு காலும் நாலு பக்கம் சறுக்க, உடம்பெல்லாம் கறுத்துப்போய், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பத்தாவின் கண்டாங்கிச் சேலையைப் பிடித்து ஏறிவிட்டது. நான் பதறி நடு உடம்பைப் பிடித்து இழுத்தேன். சேலைதான் கூடாரம் மாதிரி தூக்கிக்கொண்டு வந்ததே தவிர அது விடவில்லை, ஒரு விரல் நூலில் சிக்கி முறுக்கிக்கொண்டது. அப்பத்தா அசையவே இல்லை. “முள்ளு மேல போட்ட சேலையை இப்படியா எடுப்பாக? விடு” என்றார்கள். அப்புறம் குச்சியை வாங்கி அதன் மார்புக்குக் கீழே, முன்னங்காலுக்குச் சற்று உயரமாகக் கொண்டுபோய் வைத்துவிட்டுச் சும்மா இருந்தார்கள். ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். ஒரு கண் எங்களைப் பார்க்க, இன்னொரு கண் குச்சியைப் பார்க்க, முதல் கால் வந்தது, பிறகு இரண்டாவது. கடைசியில் சிக்கிய விரலை மட்டும் அப்பத்தா முன்பக்கமாக லேசாகத் தள்ள, நகம் தானாகக் கழன்றது. கொக்கி எப்படி மாட்டியதோ அதே வழியாகத்தானே கழலும்.

உங்கள் பிராணிக்கும் இதுதான். மேலேயிருந்து கையைக் கொண்டுபோகாதீர்கள், பருந்தும் காக்கையும் வருவது அந்த வழியாகத்தான், பயந்து இறுக்கிக்கொள்ளும். கையைக் கீழேயிருந்து, அதன் முன்னால், கிளைக்கு நேராக நீட்டுங்கள், அதுவாக ஏறட்டும். ஏறாவிட்டால் அன்றைக்கு வேண்டாம் என்று விட்டுவிடுங்கள். ஏறியதும் நாலு காலுக்கும் வாலுக்கும் பிடிமானம் இருக்கிறதா பாருங்கள், பிடிமானம் இருந்தால் நகம் அழுந்தாது. நின்றுகொண்டு எடுக்காமல் கட்டில் மேல் உட்கார்ந்து எடுங்கள், விழுந்தால் எலும்பு உடையும். திருப்பி விடும்போதும் கூண்டுக் கிளைக்கு நேராகக் கையைக் காட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

கையுறை எனக்குச் சரியாகப் படவில்லை. தடித்த கையுறையில் எவ்வளவு அழுத்துகிறோம் என்று நமக்கே தெரியாது, அதன் விலா எலும்போ மெல்லியது. நெருக்கமாக நெய்த முழுக்கைச் சட்டை போதும். கம்பளி ஸ்வெட்டர், பூத்துவாலை பக்கமே விடாதீர்கள், அந்த நூல் வளையங்களில் நகம் மாட்டிப் பிய்ந்துவிடும். கூண்டில் கம்பிவலை இருந்தால் அதிலும் இதே ஆபத்து உண்டு, ஒருமுறை பாருங்கள். வேரோடு போன நகம் பெரும்பாலும் திரும்ப முளைக்காது. நகத்துக்குள் ரத்தக்குழாய் ஓடுவதால்தான் வெட்டாதீர்கள் என்கிறேன், முனை போய்விட்டால் கிளையில் அதன் பிடியும் போகும். சொரசொரப்பான பட்டையுள்ள கிளைகளைத் தடியும் மெலிசுமாக வைத்தால் தானாகத் தேயும். வளைந்து விரலுக்குள்ளேயே குத்துகிறது என்றால் மட்டும் ஊர்வன பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

நிறத்தையும் கவனியுங்கள். கறுத்தாலோ, உடம்பை உப்பிக்கொண்டாலோ, வாயைத் திறந்து சீறினாலோ தொடாதீர்கள். முட்டை சுமக்கும் பெண் பச்சோந்தி என்றால் அந்த நாட்களில் எடுக்கவே வேண்டாம். நாய்க்குட்டி மாதிரி தினமும் மடியில் வைத்துக் கொஞ்ச ஆசைப்பட்டால் அது தாங்காது, இதை மனசார வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். எடுத்தபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், ஊர்வனவற்றின் உடம்பில் சால்மோனெல்லா இருக்கும், கீறலையும் சேர்த்துக் கழுவுங்கள்.

ஊருக்குக் கொண்டுவருவது சுலபமில்லை. நம் ஊர்ப் பச்சோந்தியை 1972ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி யாரும் பிடித்து வளர்க்கக் கூடாது. அன்று சாயங்காலம் வந்த வனக்காவலர் கூட, அடி ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டு ஊருணிக்கரை மரத்திலேயே விடச் சொன்னார். உங்களுடையது வெளிநாட்டு இனம் என்றாலும், காட்டுயிர்களை நாடு விட்டு நாடு கொண்டுபோவதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அங்கே ஏற்றுமதி அனுமதி, இங்கே இறக்குமதி அனுமதி, வந்தபின் பதிவு என்று எல்லாம் வேண்டும். ஒரு மாத லீவுக்காக அதை விமானத்தில் அலைக்கழிக்காமல், அங்கேயே பார்த்துக்கொள்ள ஓர் ஆளைப் பிடியுங்கள், கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே அவரை வீட்டுக்கு வரச்சொல்லி, குச்சியை நீட்டிவிட்டுக் காத்திருப்பதை அவர் கையாலேயே நாலு தடவை செய்ய வையுங்கள்.