நெடுந்தூர ஆஃப்-ரோடு பயணத்துக்கு எஸ்யூவியைத் தயார் செய்ய எங்கிருந்து தொடங்குவது?

நீங்கள் கேட்டிருப்பது இது: ஃபோர் வீல் டிரைவ் எஸ்யூவி வாங்கி ஆறு மாதம் ஆகிறது. இரண்டு பேர், பத்துப் பன்னிரண்டு நாள், தார்ச்சாலையே இல்லாத வழிகளில் போக ஆசை. லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்தும் சஸ்பென்ஷன் பாகங்கள்), ஸ்நார்கல் (இன்ஜினுக்குக் காற்றை உயரத்திலிருந்து எடுக்கும் குழாய்), கூரைக் கூடாரம், வின்ச் (மோட்டாரால் கயிற்றைச் சுருட்டி வண்டியை இழுக்கும் கருவி), இரும்பு பம்பர், இரண்டாவது பேட்டரி என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறீர்கள். எதை முதலில் செய்யலாம்?

முதலில் செய்ய வேண்டியது அந்தப் பட்டியலில் இல்லை. வண்டியை எடைமேடைக்குக் கொண்டு போங்கள். டேங்க் நிறைய எரிபொருள், நீங்கள் இருவரும் உள்ளே, வேறு சாமான் எதுவும் வேண்டாம். மொத்த எடைக்கு ஒரு சீட்டு. முன்சக்கரம் மட்டும் மேடையில் நிற்க ஒரு சீட்டு, பின்சக்கரம் மட்டும் நிற்க இன்னொன்று. அப்புறம் பெரும்பாலும் கதவுத் தூணிலோ பானட்டுக்கு அடியிலோ ஒரு தகடு இருக்கும். வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை, முன் ஆக்சில் (முன்சக்கரங்களை இணைக்கும் அச்சு) தாங்கும் எடை, பின் ஆக்சில் தாங்கும் எடை எல்லாம் அதில் எழுதியிருக்கும், இல்லாவிட்டால் வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். தகட்டில் உள்ள எண்ணிலிருந்து சீட்டில் உள்ள எண்ணைக் கழித்தால் வருவதுதான் உங்கள் கையிருப்பு. பணம் எவ்வளவு வைத்திருந்தாலும் இதற்கு மேல் நீங்கள் வண்டியில் எதையும் ஏற்ற முடியாது.

நான் இதைக் கடைசியில் செய்தேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். வேண்டியதெல்லாம் மாட்டி முடித்துவிட்டுத்தான் முதல் பெரிய பயணம் கிளம்பினேன். நெளிதகரத்தைப் பரப்பி வைத்த மாதிரி வரிவரியாகக் கிடக்கும் மண்சாலை, நாள் முழுக்க. மூன்றாம் நாள் மத்தியானம் பின்பக்கம் தொம் தொம் என்று அடிக்க ஆரம்பித்தது. இறங்கிப் படுத்துப் பார்த்தேன். இடப்பக்கப் பின் ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்து, அதன்மேல் புழுதி ஒட்டி, கறுப்புக் களிம்பாக அப்பிக்கிடந்தது. கையைப் பக்கத்தில் கொண்டு போகும்போதே அனல் அடித்தது. குடிநீர்ப் பாட்டிலிலிருந்து நாலு சொட்டு விட்டேன், சுர்ரென்று ஆவியாகிவிட்டது.

ஸ்பிரிங் குதிப்பதை அடக்கி, அந்த ஆற்றலை வெப்பமாக மாற்றுவதுதான் ஷாக்கின் வேலை. உள்ளே இருக்கும் எண்ணெய் துளைகள் வழியாகப் பிதுங்கிப் போவதால்தான் அந்த அடக்கம் கிடைக்கிறது. வண்டி கனமாக இருந்து, அடியும் ஓயாமல் விழுந்தால் எண்ணெய் சூடேறி நுரைக்கும், நுரைத்த எண்ணெய் எதையும் அடக்காது. கடைசியில் சீலும் போய்விடும். அங்கிருந்து 90 கிலோமீட்டர், மணிக்கு 20 வேகத்தில் திரும்பி வந்தேன்.

வந்ததும்தான் எடைமேடை. வரம்பை மீறி 160 கிலோ. பின் ஆக்சிலில் மட்டும் 130 கூடுதல். பெரிய தப்பு என்று எந்த ஒரு பொருளையும் சுட்டிக்காட்ட முடியவில்லை. கூரைக் கூடாரமும் கேரியரும் 90 கிலோ, ஸ்டெப்னி தாங்கியோடு பின் இரும்பு பம்பர் 60, மர இழுப்பறைகள் 55, தண்ணீர் 60 லிட்டர் என்றால் 60 கிலோ, இரண்டாவது ஸ்டெப்னி 30, வெறும் ஃபிரிட்ஜ் 20. ஒவ்வொன்றையும் வாங்கும்போது நியாயமாகத்தான் தோன்றியது.

பின்பக்கம் தொங்கும் எடை இன்னும் மோசம். சக்கர இடைவெளி 2.8 மீட்டர் உள்ள வண்டியில், பின் ஆக்சிலுக்கு ஒரு மீட்டர் பின்னால் 60 கிலோவை மாட்டினால் பின் ஆக்சிலில் ஏறுவது 81 கிலோ. நெம்புகோல் மாதிரி முன்பக்கத்தை அது தூக்குவதால் அங்கே 21 கிலோ குறைகிறது. முன் சக்கரத்தில் பிடிப்பு குறைந்தால் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் பலவீனமாகும். மொத்த எடை வரம்புக்குள் இருந்தாலும் ஒரு ஆக்சில் மட்டும் மீறியிருக்கலாம் என்பதால்தான் மூன்று சீட்டு கேட்டேன்.

சரி, கையிருப்பு தெரிந்துவிட்டது. அதிலிருந்து முதல் செலவு டயருக்கு. வேறு எந்த மாற்றமும் இதற்குப் பக்கத்தில்கூட வராது. ஏடி டயர் (ஆல் டெரெய்ன், எல்லாத் தரைக்குமானது) போதும். எம்டி டயர் (மட் டெரெய்ன், சேற்றுக்கானது) சேற்றில் நன்றாகப் பிடிக்கும், ஆனால் ஈரத் தார்ச்சாலையில் பிடிப்புக் குறைவு, இரைச்சல் அதிகம், கனமும் கூட. உங்கள் பயணத்தில் பாதி தூரமாவது நல்ல சாலையாகத்தான் இருக்கும். பக்கச்சுவர் தடிமனாக, சுமைக் குறியீடு (டயர் எவ்வளவு எடை தாங்கும் என்று அதன்மேல் இருக்கும் எண்) வண்டிக்குத் தேவையானதைவிட ஒரு படி மேலே இருக்கிற மாதிரி எடுங்கள். கல் கிழிப்பது பெரும்பாலும் பக்கச்சுவரைத்தான், அங்கே கிழிந்தால் பஞ்சர் திரி நிற்காது.

அளவைக் கொஞ்சம் கூட்டலாம், ஆனால் கணக்கு தெரிந்து செய்யுங்கள். டயரின் விட்டம் 2 அங்குலம் கூடினால் வண்டி உயர்வது 1 அங்குலம்தான். கியர் விகிதம் உயர்ந்த மாதிரி ஆகும், ஏற்றத்தில் இன்ஜின் திணறும், ஸ்பீடோமீட்டர் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்க வேண்டும்.

டயரை மாற்றுவதைவிடவும் பெரிய விஷயம் காற்று. தார்ச்சாலையில் 35 பிஎஸ்ஐ வைத்து ஓட்டுகிற டயரை மணலில் இறக்கினால் கத்தி மாதிரி மணலை வெட்டிக்கொண்டு இறங்கும். அதையே 16 அல்லது 18-க்குக் குறைத்துப் பாருங்கள். டயர் தரையைத் தொடும் பகுதி முன்பின்னாக நீண்டு, டாங்கியின் சங்கிலிப் பட்டை மாதிரி வேலை செய்யும். ஒருமுறை ஆக்சில் வரை புதைந்து கிடந்த வண்டி, மண்வெட்டியால் நாலு சக்கரத்துக்கும் முன்னால் கொஞ்சம் சரித்துவிட்டு, காற்றை 15-க்கு இறக்கியதும் யாரும் இழுக்காமலே வெளியே வந்ததை நின்று பார்த்திருக்கிறேன். சரளைக்கல் சாலைக்கு 25 முதல் 28. அந்த வரிவரிச் சாலையில் வண்டியும் உடம்பும் உதறுவது அதிலேயே பாதி குறையும். 12-க்குக் கீழே போனால் வளைவில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் ஆபத்து உண்டு. நல்ல சாலைக்கு வந்ததும் காற்றைப் பழையபடி ஏற்றாமல் வேகமெடுக்கக் கூடாது, டயர் சூடாகி உள்ளே கிழியும்.

அதனால் நல்ல பிரஷர் கேஜும் கம்ப்ரஸரும் கட்டாயம். பெரிய கம்ப்ரஸர் 30 ஆம்பியர் வரை இழுக்கும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகினால் ஃபியூஸ் போய்விடும், நேராக பேட்டரியில் கவ்வ வேண்டும்.

லிஃப்ட் கிட் பற்றி. எதற்காக உயர்த்துகிறீர்கள் என்று முதலில் தீர்மானியுங்கள். பின்னால் திட ஆக்சில் உள்ள வண்டியில் எத்தனை அங்குல லிஃப்ட் போட்டாலும் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் (சக்தியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர்) உருண்டை ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. அதை உயர்த்துவது டயர் மட்டுமே. லிஃப்ட் உயர்த்துவது பாடியையும் சேஸியையும்தான். அதனால் மேடேறும்போது பம்பர் இடிக்காது, நடுவயிறு தட்டாது. முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் அதிகம் உயர்த்தினால் சிவி ஜாயின்ட்டின் (சக்கரத்துக்குச் சக்தி கொண்டு போகும் தண்டின் வளையும் மூட்டு) கோணம் கூடி, ரப்பர் பூட் சீக்கிரம் கிழியும். 40 முதல் 50 மில்லிமீட்டர் போதும், போட்டதும் வீல் அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும். உயரத்தைவிட, நீங்கள் எப்போதும் ஏற்றப் போகும் எடைக்குப் பொருந்துகிற ஸ்பிரிங்கும், எண்ணெய் அதிகம் பிடிக்கிற தடித்த ஷாக்கும் முக்கியம். எடை தெரியாமல் ஸ்பிரிங் வாங்கவே முடியாது. நல்ல கடைக்காரர் முதலில் கேட்பதே அதைத்தான்.

அடுத்தது, மாட்டிக்கொண்டால் வெளியே வரும் சாமான்கள். மண்வெட்டியும், புதைந்த சக்கரத்துக்கு அடியில் பிடிப்புக்காக வைக்கும் மீட்புப் பலகை இரண்டும் முதலில் வாங்குங்கள். பிறகு நீளும் கயிறு, அதைத் தொடுத்துக்கொள்ள சாஃப்ட் ஷாக்கிள் (இழைக் கயிற்றால் ஆன வளையம்). இன்னொரு வண்டி இழுக்கும்போது அந்தக் கயிறு அதன் நீளத்தில் சுமார் 30 சதவீதம் நீண்டு, சுருங்கும் விசையில் வண்டியைப் பிடுங்கி எடுக்கும். அவ்வளவு விசை உள்ளே இருக்கிறது என்பதால் அதை எங்கே மாட்டுகிறீர்கள் என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். டிரெய்லர் மாட்டும் டோ பால் உருண்டையில் ஒருபோதும் மாட்டாதீர்கள். அது முறிந்தால் கயிறு அதைக் கவண்கல் மாதிரி எதிர் வண்டியின் கண்ணாடி வழியாக எறியும், ஆட்கள் செத்திருக்கிறார்கள். முன்னால் அடியில் தெரியும் சின்ன வளையமும் பல வண்டிகளில் கப்பலிலோ லாரியிலோ கட்டி வைப்பதற்கானதுதான். சேஸியில் போல்ட் போட்டு, இத்தனை டன் தாங்கும் என்று குறித்திருக்கும் கொக்கிதான் வேண்டும், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இழுக்கும்போது கயிற்றின் நீளத்துக்கு ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது.

வின்ச்சை நான் தள்ளிப்போடச் சொல்வேன். ஏற்றிய வண்டியின் எடையைப் போல் ஒன்றரை மடங்கு இழுவைத் திறன் வேண்டும், 3000 கிலோ வண்டிக்கு 4500. அதைத் தாங்கும் பம்பரையும் சேர்த்தால் மூக்கில் 80, 100 கிலோ சர்வசாதாரணமாக ஏறும். மரமோ பாறையோ இல்லாத மணல்வெளியில் கட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. இன்னொரு வண்டியோடு சேர்ந்து போவது வின்ச்சைவிட நல்ல காப்பு. தனியாகத்தான் போவேன், காடும் சேறும்தான் என்றால் மட்டும் வாங்குங்கள், எஃகுக் கம்பிக்குப் பதில் செயற்கை இழைக் கயிறாக.

ஸ்நார்கல் மாட்டினால் ஆற்றில் ஆழமாக இறங்கலாம் என்ற எண்ணம் வேண்டாம். காற்று போகும் வழி உயர்கிறது, இன்ஜினுக்குள் தண்ணீர் போகும் வாய்ப்புக் குறைகிறது. தண்ணீரை அமுக்க முடியாது என்பதால் சிலிண்டருக்குள் கொஞ்சம் புகுந்தாலும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், ஆகவே அது நல்ல விஷயம்தான். ஆனால் ஆக்சில் என்ன ஆவது? நாள் முழுக்க ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், மூச்சுத் துளை வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சும். கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்துப்போகும். அந்தத் துளையிலிருந்து ஒரு ரப்பர் குழாயை இன்ஜின் அறையின் மேல்பகுதி வரை கொண்டு போனால் வேலை முடிந்தது. அரைக் கிலோகூட வராத இந்தக் குழாயை ஸ்நார்கலுக்கு முன்னால் போடுங்கள்.

மின்சாரம்: 40 லிட்டர் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு 30 ஆம்பியர்-மணி சுமாருக்கு எடுக்கும், வெயில் கடுமையாக இருந்தால் கூடும். 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி 12 கிலோ, அதே அளவு ஏஜிஎம் ஈய பேட்டரி 28 கிலோ, அதிலும் பாதியைத்தான் கெடாமல் பயன்படுத்தலாம். எடையைப் பார்க்கிறவருக்கு லித்தியம்தான். ஆனால் அதை இன்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது, உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது, வண்டியின் மின்சாரத்துக்கும் அதற்கும் இடையில் டிசி-டிசி சார்ஜர் (அந்த மின்சாரத்தை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் கருவி) வேண்டும். பேட்டரியிலிருந்து கிளம்பும் ஒயரில் ஃபியூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்கட்டும். ஒயர் உராய்ந்து பற்றிக்கொண்டால், ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் பகுதிக்குக் காப்பு கிடையாது.

கூரைக் கூடாரத்தை நான் கழற்றிவிட்டேன். பல வண்டிகளில் ஓடும்போது கூரை தாங்கும் எடை 75 முதல் 100 கிலோ, கேரியரையும் சேர்த்து. கூடாரம் மட்டுமே அறுபதைத் தொடும். சாய்வான பாதையில் ஒருபக்கச் சக்கரம் இறங்கும்போது அந்த எடை தலைமேல் இருப்பதை உடம்பே உணரும். இப்போது தரையில் போடும் கூடாரம், 8 கிலோ. கனமானதெல்லாம் வண்டிக்குள், கீழே, பின் ஆக்சிலுக்கு முன்னால் பெல்ட் போட்டுக் கட்டியிருக்கிறேன். தண்ணீர் டேங்க் பின்சீட்டின் கால்வைக்கும் இடத்தில். இருவருக்கும் சாமானுக்கும் நடுவில் ஒரு கம்பித் தடுப்பு கட்டாயம். வண்டி புரண்டால் ஜாக்கி முதலில் வந்து விழுவது பின்மண்டையில்.

1955-ல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஆறு பேர் இரண்டு லேண்ட் ரோவர் சீரிஸ் ஒன் வண்டிகளில் லண்டனிலிருந்து கிளம்பி, 1956 மார்ச்சில் சிங்கப்பூர் சேர்ந்தார்கள். இன்ஜினின் சக்தி ஐம்பது சொச்சம் குதிரைத்திறன். இன்று நீங்கள் வாங்கியிருக்கும் வண்டி கம்பெனியிலிருந்து வந்தபடியே அதைவிடப் பல மடங்கு திறமையானது. நல்ல டயர், கம்ப்ரஸர், மீட்புச் சாமான், அடியில் ஸ்கிட் பிளேட் (கல் அடிபடாமல் காக்கும் தகடு), இவ்வளவோடு ஒரு மூன்று நாள் பயணம் போய் வாருங்கள். எது இல்லாமல் கஷ்டப்பட்டீர்கள், எதைத் தொடவே இல்லை என்று இரண்டு நாளிலேயே தெரிந்துவிடும். ஸ்பிரிங்கையோ பம்பரையோ தொடும் முன் இன்சூரன்ஸிலும் பதிவு அலுவலகத்திலும் அந்த மாற்றம் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எடைச் சீட்டு மூன்றும் கைக்கு வந்ததும் எண்களை இங்கே எழுதுங்கள், வண்டி எந்த மாடல் என்பதையும் சேர்த்து. பின் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டுமா, கம்பெனி ஸ்பிரிங்கே போதுமா என்று அதை வைத்துச் சொல்கிறேன்.