கடைசி லிஃப்ட் எத்தனை மணிக்கு?

ஆல்ப்ஸில் ஒரு வாரம் பனிச்சறுக்கு போவது பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: எந்த இடம் பெரியது, எத்தனை கிலோமீட்டர்? சரி, அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

கேள்வி: நண்பர்கள் நான்கு பேர், ஓரளவு நன்றாகவே சறுக்குவோம். ஒரே வாரத்தில் பிரான்ஸின் த்ருவா வலே, சுவிட்சர்லாந்தின் செர்மாட், இத்தாலியின் டோலமைட்ஸ் மூன்றையும் முடித்துவிடலாமா?

முடிக்கலாம், பெரும்பாலும் கார் கண்ணாடி வழியாக. ஓரிடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக ஒரு பகல் போய்விடும். காலையில் ஈரம் காயாத பூட்ஸை மூட்டை கட்டி, மலையிறங்கி, அடுத்த மலையேறி, லிஃப்டில் ஏறப் புது பாஸ் வாங்கி, புது வரைபடத்தை விரிப்பதற்குள் வெளிச்சம் மங்கியிருக்கும்.

ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றே தீராது. த்ருவா வலே என்பது கூர்ஷெவல், மெரிபெல், லெ மெனுயீர், வால் தொரான்ஸ் முதலான ஊர்கள் லிஃப்டுகளால், அதாவது சறுக்குகிறவரை மலைமேல் ஏற்றிவிடும் கம்பிவடங்களால், கோக்கப்பட்ட பகுதி. சறுக்குப் பாதைகள் மட்டும் சுமார் 600 கிலோமீட்டர். நன்றாகச் சறுக்குகிறவர் ஒரு நாளில் முப்பது, நாற்பது கிலோமீட்டர் போனாலே அதிகம். ஆறு நாளைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பாதிகூட வராது.

என் மைத்துனர் இந்தக் கணக்கை ஏற்பதில்லை. அவர் கைபேசியில் ஒரு செயலி உண்டு. அன்றன்று போன தூரத்தைச் சாப்பாட்டு மேசையில் படித்துக் காட்டுவார். ஒருமுறை நாங்கள் மெரிபெலில் தங்கியிருந்தபோது, எல்லோரும் திரும்பிய பிறகும் "இன்னும் ஒரு ரன்" என்று கூர்ஷெவல் பக்கம் இறங்கினார். இரண்டு ஊருக்கும் நடுவே 2,738 மீட்டர் உயர சோலீர் சிகரம். மேலே போகும் லிஃப்ட் மூடியாயிற்று. சாலை வழியென்றால் பள்ளத்தாக்கின் அடிவரை இறங்கி, மறுபடி ஏற வேண்டும். டாக்ஸியில் ஸ்கீ பூட்ஸோடு வந்து சேர்ந்தார். அன்றிரவு கிலோமீட்டர் படிக்கவில்லை. டாக்ஸி தூரத்தையும் சேர்த்தீர்களா என்று என் அக்காதான் கேட்டார்.

இணைந்த பகுதிகளின் விதி இதுதான்: போவது சுலபம், திரும்புவதற்குத்தான் நேரம் பார்க்க வேண்டும். காலையில் கிளம்பும்போது வரைபடத்தில் முதலில் தேட வேண்டியது, உங்கள் ஊருக்குத் திரும்பும் முகட்டில் உள்ள லிஃப்ட் எத்தனை மணிக்கு மூடுகிறது என்பதை. அதிலிருந்து பின்னோக்கி எண்ணி நாளை வகுத்துக்கொள்ளுங்கள். இணைப்பு லிஃப்டுகள் மூட ஒரு மணி நேரம் இருக்கும்போதே உங்கள் பள்ளத்தாக்குக்குள் வந்துவிடுங்கள். மிச்ச நேரத்தை வீட்டுப் பக்கத்துச் சரிவுகளில் செலவழிக்கலாம், கவலையில்லாமல்.

கேள்வி: தங்குவதற்கு உயரமான ஊர் நல்லதா, தாழ்ந்த ஊர் நல்லதா?

நடுவில் இருக்கும் ஊர். த்ருவா வலேயில் அது மெரிபெல். அங்கிருந்து இரண்டு பக்கமும் போகலாம், எந்தப் பக்கத்திலிருந்தும் ஒரே ஒரு முகட்டைத் தாண்டித் திரும்பலாம். வால் தொரான்ஸ் 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஐரோப்பாவிலேயே மிக உயரமான சறுக்கு ஊர். டிசம்பர் தொடக்கத்திலும் ஏப்ரல் கடைசியிலும் பனிக்குப் பஞ்சமில்லை. ஆனால் மரமே கிடையாது. மேகம் இறங்கிவிட்டால் தரை எது, வானம் எது என்று தெரியாமல் வயிற்றைப் புரட்டும். அப்படிப்பட்ட நாளில் மரங்களுக்கு நடுவே ஓடும் பாதைகள் உள்ள தாழ்ந்த ஊர்தான் காப்பாற்றும். கூர்ஷெவலின் கீழ்க்கிராமமான லெ ப்ராவுக்கு இறங்கும் பாதைகள் எனக்கு மிகவும் பிடித்தவை. 1992 குளிர்கால ஒலிம்பிக்ஸுக்குக் கட்டிய ஸ்கீ தாண்டுமேடையையும் அங்கே பார்க்கலாம். மேலே 1850 என்று அழைக்கப்படும் பகுதியில் காபி விலையைப் பார்த்தாலே தலை சுற்றும், உயரத்தால் அல்ல.

கேள்வி: வெள்ளை மேகத்துக்குள் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

பிரான்ஸில் என்றால் ஓரக் கம்பங்களைப் பாருங்கள். இறங்கும் திசையில் வலது ஓரக் கம்பங்களின் தலையில் ஆரஞ்சு நிறம் இருக்கும். எண்களும் இருக்கும், கீழே போகப் போக அவை குறையும். ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் என்று மெதுவாக இறங்குங்கள். பாதை நடுவில் நிற்காதீர்கள், மேலேயிருந்து வருகிறவருக்கும் கண் தெரியாது. அடிபட்டால் 112. பேசும்போது பாதையின் பெயரும் அருகிலுள்ள கம்பத்தின் எண்ணும் சொன்னால் மீட்புக்குழு நேராக வந்துவிடும்.

கேள்வி: டோலமைட்ஸில் செல்லாரொண்டா என்ற வட்டப் பாதையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நாங்கள் சுமாராகச் சறுக்குகிறவர்கள். எங்களால் முடியுமா? ஒரு வாரத்துக்கு எப்படித் திட்டமிடலாம்?

முடியும். இந்தக் கடிதம் வந்ததில் எனக்குச் சந்தோஷம், ஏனென்றால் ஒரு வாரம் எங்கே போவது என்று என்னைக் கேட்டால் என் விரல் நேராக இந்த இடத்துக்குத்தான் போகும்.

செல்லா என்பது கோட்டை மாதிரி நிற்கும் ஒரு பாறைக் கூட்டம். அதைச் சுற்றி நான்கு கணவாய்கள்: கார்டெனா, செல்லா, போர்டோய், கம்போலோங்கோ. கணவாய்களுக்கு நடுவே நான்கு பள்ளத்தாக்குகள். அங்குள்ளவர்கள் லடீன் என்ற பழைய மொழி பேசுகிறார்கள். ஊர்ப் பலகைகளில் அதோடு இத்தாலியனும், சில பள்ளத்தாக்குகளில் ஜெர்மனும் இருக்கும். லிஃப்டுகளும் சறுக்கு தூரமும் சேர்த்து முழு வட்டம் சுமார் 40 கிலோமீட்டர். ஆரஞ்சு அம்புக்குறி கடிகாரச் சுற்று, பச்சை எதிர்ச் சுற்று. பாதைகள் பெரும்பாலும் நீலமும் (எளியவை) சிவப்பும் (நடுத்தரமானவை). நடுத்தரமாகச் சறுக்குகிறவர் ஒரே நாளில் சுற்றிவரலாம், கால் கெஞ்சும், அவ்வளவுதான்.

நேரத்தில் மட்டும் விளையாடாதீர்கள். காலை பத்து மணிக்குள் வட்டத்தில் இருக்க வேண்டும், கடைசிக் கணவாயை மாலை மூன்றரைக்குள் தாண்டியிருக்க வேண்டும். தவறினால் வேறு பள்ளத்தாக்கில் நின்றுகொண்டு பஸ்ஸையோ டாக்ஸியையோ தேட வேண்டியதுதான். மலை உச்சியில் காற்று பலமாக அடித்தால் ஏதோ ஒரு லிஃப்ட் நிற்கும், வட்டம் அறுந்துவிடும். அதனால் அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். வழியில் விடுதி மொட்டைமாடியில் வெயில் காய்ந்தபடி நீண்ட மதியச் சாப்பாடு வேண்டுமென்றால் அதை வேறு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வாரம். கொர்வாராவில் தங்குங்கள். வட்டத்தின் மேலேயே இருக்கிறது, அதைச் சுற்றி ஆல்டா பாடியாவின் அகலமான, சாதுவான சரிவுகள். முதல் நாள் அங்கேயே சுற்றுங்கள். பூட்ஸ் எங்கே கடிக்கிறது என்று தெரிந்து, அன்று மாலையே வாடகைக் கடையில் மாற்றிக்கொள்ளலாம். இரண்டாம் நாள் வால் கார்டெனா பக்கம் போய் வாருங்கள். உலகக்கோப்பைப் பந்தயம் நடக்கும் சஸ்லோங் சரிவை அருகிலிருந்து பாருங்கள், இறங்கியே ஆக வேண்டியதில்லை. அப்புறம் வானிலை எந்த நாளில் தெளிவோ அன்று செல்லாரொண்டா. அதற்கு மறுநாள் ஓய்வு. ஓய்வு என்றால் ஓய்வுதான், "அரை நாள் மட்டும்" என்று கிளம்பாதீர்கள். வாரக் கடைசி விபத்துகளுக்குக் களைத்த கால்கள்தான் காரணம் என்பது என் எண்ணம்.

ஐந்தாம் நாளுக்கு லகட்சுவோய். அர்மெந்தரோலாவிலிருந்து பஸ்ஸிலோ பகிர்வு டாக்ஸியிலோ ஃபல்சாரேகோ கணவாய்க்குப் போய், கேபிள் காரில் மேலேறினால் முதல் உலகப் போரில் இத்தாலியர்களும் ஆஸ்திரியர்களும் குடைந்த சுரங்கங்கள் உள்ள மலை. அங்கிருந்து ஒரு நீளமான சிவப்புப் பாதை, லிஃப்டே கண்ணில் படாத ஒரு பள்ளத்தாக்குக்குள் இறங்குகிறது. ஓரத்தில் உறைந்த அருவிகள் நீலமாகத் தொங்கும். கடைசியில் தரை சமமாகிவிடும். அங்கே இரண்டு குதிரைகள் காத்திருக்கும். அவற்றின் பின்னால் நீளமான கயிறு. சில யூரோ கொடுத்துவிட்டு வரிசையாகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டால் இழுத்துக்கொண்டு போய்விடும். பெரிய மனிதர்களெல்லாம் குழந்தைகள் மாதிரிச் சிரிப்பார்கள்.

ஆறாம் நாள் வானம் தெளிவாக இருந்தால் அராப்பா வழியாக மார்மொலாடா. 3,343 மீட்டர், டோலமைட்ஸின் மிக உயரமான சிகரம். தெளிவாக இல்லையென்றால் கொர்வாராவிலேயே இருங்கள், குறையொன்றும் இல்லை.

கேள்வி: இத்தாலியில் தலைக்கவசம் கட்டாயமா? காப்பீடு?

இரண்டும் கட்டாயம். 2022 முதல், பிறருக்கு ஏற்படுத்தும் காயத்துக்கு ஈடுகொடுக்கும் காப்பீடு இல்லாமல் இத்தாலியச் சரிவுகளில் சறுக்கக் கூடாது. பாஸ் வாங்கும்போதே கூடச் சில யூரோ கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். தலைக்கவசம் முன்பு பதினெட்டு வயதுக்குக் கீழே மட்டும் கட்டாயமாக இருந்தது. 2025 நவம்பர் முதல் எல்லா வயதினருக்கும்.

ஷெங்கன் விசாவுக்காக எடுத்த 30,000 யூரோ மருத்துவக் காப்பீடே போதும் என்று நினைத்துவிடாதீர்கள். பலவற்றில் குளிர்கால விளையாட்டு சேராது. மலையிலிருந்து கீழே கொண்டுவரும் செலவு, குறிப்பாக ஹெலிகாப்டர் செலவு, அதில் உண்டா என்று வரி வரியாகப் படித்துப் பாருங்கள்.

கேள்வி: காலையில் ஒரு நாடு, மதியம் இன்னொரு நாடு என்று சறுக்க ஆசை. பாஸ்போர்ட் காட்ட வேண்டுமா?

முகட்டில் யாரும் மேசை போட்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள். ஆனாலும் பையில் இருக்கட்டும், மாட்டிக்கொண்டால் தேவைப்படும். பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி, ஆஸ்திரியா நான்கும் ஷெங்கனுக்குள்தான், ஆகவே ஒரே விசா. சுவிஸ் பக்கம் பணம் மட்டும் பிராங்க்.

இரண்டு இடங்களைச் சொல்கிறேன். பிரான்ஸும் சுவிட்சர்லாந்தும் சேர்ந்த போர்ட் டு சொலேய் ஒன்று. அதில் அவோரியா கார்கள் நுழையாத ஊர். எல்லையில் 'சுவிஸ் சுவர்' என்று ஒரு சரிவு, பெயரே எச்சரிக்கை. பார்த்துவிட்டுப் பயம் வந்தால் நாற்காலி லிஃப்டிலேயே கீழே இறங்கலாம், யாரும் கேலி செய்ய மாட்டார்கள். நான் அப்படித்தான் இறங்குகிறேன்.

இன்னொன்று செர்மாட்–செர்வீனியா. 3,883 மீட்டர் உயர கிளைன் மேட்டர்ஹார்ன் சிகரத்தில் உள்ள லிஃப்ட் நிலையத்தின் பக்கமாக எல்லை தாண்டி, இத்தாலிக்குள் இறங்கிப் பாஸ்தா சாப்பிட்டுவிட்டு வரலாம். 2023 கோடையிலிருந்து அந்த எல்லையைக் கேபிள் காரிலேயே கடக்கவும் முடிகிறது. மேலே காற்று மெல்லியது, படியேறினால் மூச்சு வாங்கும். மதியத்தில் காற்று எழும்பி லிஃப்ட் நின்றால், செர்வீனியாவிலிருந்து செர்மாட்டுக்குச் சாலை வழியே பல மணி நேரம். அதிலும் செர்மாட்டுக்குள் கார் போகாது, கீழே டேஷ் என்ற ஊரில் இறங்கி ரயில் பிடிக்க வேண்டும். பாஸ்தாவைச் சீக்கிரம் சாப்பிடுங்கள்.

கேள்வி: நான் ஸ்கீயைத் தொட்டதே இல்லை. மனைவி நன்றாகச் சறுக்குவார். எங்களுக்குப் பெரிய பகுதி எதற்கு?

அவருக்காக. உங்களுக்கு முதல் மூன்று நாளும் ஒரு சின்னச் சரிவும் ஒரு பயிற்றுநரும் போதும். முழுப் பகுதி பாஸை உங்களுக்கும் சேர்த்து வாங்காதீர்கள். உள்ளூர் பாஸ் மலிவு, ஆரம்பநிலை லிஃப்டுகள் சில ஊர்களில் இலவசம். மனைவியிடம் சறுக்கக் கற்றுக்கொள்ளாதீர்கள். திருமணம் நீடிக்க வேண்டுமென்று சொல்கிறேன்.

மதியம் சந்திக்க, நடந்தும், கொண்டோலா என்ற மூடிய லிஃப்ட் பெட்டியிலும் வர முடிகிற விடுதியைத் தேர்ந்தெடுங்கள். ஆஸ்திரியாவின் ஸாங்க்ட் அன்டோன் உங்களுக்கு வேண்டாம். அங்கே நீலம் என்று எழுதியிருப்பது வேறு ஊரில் சிவப்பு. ஆனால் 2016 டிசம்பரில் ஃப்ளெக்ஸென் லிஃப்ட் வந்தபிறகு லெக், ஸூர்ஸ் என்ற பக்கத்து ஊர்கள் வரை பஸ் ஏறாமலே போகலாம், ரயிலும் ஊருக்குள்ளேயே நிற்கும். அதனால் இன்னும் சில வருடம் கழித்து இருவரும் சேர்ந்து போங்கள்.

கேள்வி: எந்த மாதம்?

ஜனவரியின் இரண்டாவது, மூன்றாவது வாரம். குளிரும், ஆனால் வரிசை இருக்காது. பிப்ரவரியில் பிரான்ஸின் பள்ளிகளுக்கு மண்டலம் மண்டலமாக விடுமுறை, சனிக்கிழமை மலைச்சாலைகளில் கார்கள் நகராது. வாடகை வீடுகள் சனிக்கிழமை கைமாறுவதால் அன்று சரிவுகள் மட்டும் காலியாக இருக்கும். முன்னதாகவே வந்துவிட முடிகிறவர்களுக்கு அது நல்ல நாள்.

கேள்வி: சைவம் சாப்பிடுகிறேன். பட்டினியா?

சீஸ் பிடிக்குமென்றால் இல்லை. பிரான்ஸின் சவோயில் ராக்லெட், ஃபாண்டூ. உருளைக்கிழங்கும் சீஸும் சேர்ந்த தார்த்திஃப்ளெட்டில் பன்றி இறைச்சித் துண்டுகள் இருக்கும், கேட்டுவிட்டு வாங்குங்கள். ஆஸ்திரியாவில் சீஸ் போட்ட ஸ்பெட்ஸ்லே என்ற மாவுத் துண்டுகள், கைஸர்ஷ்மார்ன் என்ற பிய்த்துப் போட்ட இனிப்பு அடை. சூப்பை நம்பாதீர்கள், இறைச்சிச் சாறு இருக்கலாம்.

கேள்வி: ஸ்கீ சொந்தமாக வாங்கலாமா, வாடகைக்கு எடுக்கலாமா?

வருடம் ஒரு வாரம்தான் என்றால் ஸ்கீ வாடகைக்கு, பூட்ஸ் சொந்தமாக. பூட்ஸ் கடையில் நேராக நிற்கும்போது விரல் நுனி முன்னால் லேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும். வசதியாக இருக்கிறதே என்று பெரியதை வாங்காதீர்கள், இரண்டாம் நாளே உள்ளே கால் ஆடும். சாக்ஸ் ஒரு ஜோடி மட்டும், மெல்லியது. பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங்கைச் சரிசெய்யக் கடைக்காரர் எடையும் வயதும் கேட்பார், உண்மையைச் சொல்லுங்கள்.