சால்வை போர்த்தவா கட்சியில் சேர்ந்தேன்?

கேள்வி: ஈரோடு மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வயது 31. குடிநீருக்காகக் கவுன்சிலர் வீட்டுக்கு நடந்து நடந்து அலுத்துப்போய், நாமே இறங்கினால் என்ன என்று போன வருடம் ஒரு கட்சியில் சேர்ந்தேன். கூட்டம் என்றால் பெண்களை முன்வரிசையில் உட்கார வைத்துப் போட்டோ எடுக்கிறார்கள், வருகிறவர்களுக்குச் சால்வை போர்த்தச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். பேரூர் செயலாளருக்கும் பேரூராட்சியின் முன்னாள் தலைவருக்கும் ஆகாது. இருவருமே என்னைத் தங்கள் பக்கம் இழுக்கிறார்கள். இப்போது பேனருக்கு 5,000 ரூபாய் கேட்கிறார்கள். விலகிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். உங்கள் மனக்குறை நியாயமானதுதான். ஆனால் மைக் கேட்டுச் சண்டை போடாதீர்கள். உள்ளூர்க் கட்சியில் மேடையில் பேசுகிறவரைவிட, வார்டில் எந்த ஓட்டு எந்த வீட்டில் இருக்கிறது என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் மதிப்பு. அந்த வேலையைச் செய்ய ஆள் கிடைக்காமல் எல்லாக் கட்சியும் திண்டாடுகிறது. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, பூத் கமிட்டி பேப்பரில் மட்டும் இருந்த ஊர்களில் என்ன பாடு பட்டார்கள் என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ஆகவே செயலாளரிடம் நேராகக் கேளுங்கள்: "அண்ணா, நம்ம வார்டுப் பட்டியலை நான் பார்த்துக்கறேன்." மறுக்க மாட்டார். அதிலே போட்டோ வராதே!

பட்டியலில் ஒரு பக்கத்துக்கு 30 பெயர். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போங்கள். இறந்தவர், திருப்பூருக்குக் குடிபோனவர், 18 முடிந்தும் பெயர் சேர்க்காத பையன், கல்யாணமாகி வந்தும் ஓட்டு இன்னும் அம்மா வீட்டிலேயே இருக்கிற மருமகள் என்று பென்சிலால் குறித்து வாருங்கள். புதிதாகச் சேர்க்கப் படிவம் 6, முகவரி மாற்றத்துக்கும் பிழை திருத்தத்துக்கும் படிவம் 8. மருமகளுக்கு 8 போதும், புதிதாக 6 எழுத வேண்டாம். இந்த வேலையில் ஆண்களைவிட உங்களுக்குத்தான் வசதி. அவர்கள் கேட்டில் நின்று "எத்தனை ஓட்டு?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் அடுப்படி வரைக்கும் போகலாம். தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்ற கணக்கும் அங்கேதான் கிடைக்கும்.

ஓர் எச்சரிக்கை. பெயர் நீக்கக் கேட்கும் படிவம் 7-ஐ யாராவது கட்டாகக் கொண்டுவந்து, "எதிராளி ஓட்டும்மா, கையெழுத்து போடு" என்பார்கள். போடாதீர்கள். பொய்யான உறுதிமொழி தருவது தண்டனைக்குரிய குற்றம். மாட்டினால் உங்கள் கையெழுத்துதான் பேசும், அண்ணன் வர மாட்டார்.

அடுத்த தேர்தலில் பூத் ஏஜென்டாக உட்காரக் கேளுங்கள். விடியும் முன்னே போய், மாதிரி வாக்குப்பதிவைப் பார்த்து, சாயங்காலம் பதிவான ஓட்டுக் கணக்கை எழுதிய படிவம் 17சி நகலைக் கையில் வாங்கிய பிறகுதான் எழுந்திருக்க வேண்டும். சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தலில் அது ஏஜென்டின் உரிமை. பத்துப் பொதுக்கூட்டத்தில் கற்க முடியாததை அந்த ஒரு நாளில் கற்பீர்கள்.

கோஷ்டி விஷயம். இருவரையும் அண்ணா என்றே கூப்பிடுங்கள். ஒருவரைப் பற்றி மற்றவரிடம் வாயே திறக்காதீர்கள், 'உம்' கொட்டுவதும் கூடாது. சின்ன ஊரில் துக்க வீட்டில் யார் பக்கத்தில் நின்றீர்கள் என்பதைக்கூடக் கணக்கு வைப்பார்கள். பெண்களோடு போய்ப் பெண்களோடு திரும்புங்கள். ராத்திரி நேரத்து "அவசர ஆலோசனை"களுக்குத் தனியாகப் போக வேண்டியதில்லை. இதற்குக் காரணமும் சொல்ல வேண்டியதில்லை.

பேனருக்குக் காசு தராதீர்கள். 2019-ல் சென்னைப் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஓர் இளம்பெண் இறந்த பிறகு, பேனர் வேண்டாம் என்று பெரிய கட்சிகளின் தலைமையே தொண்டர்களுக்குச் சொன்னது. அதைச் சிரித்துக்கொண்டே நினைவூட்டுங்கள். "பணமாக முடியாதுங்கண்ணா, பூத் வேலைக்கு எத்தனை ஜெராக்ஸ் வேண்டுமோ எடுத்துத் தர்றேன்" என்று சொல்லுங்கள். அதற்கும் ஒரு வரம்பு வையுங்கள், இல்லையென்றால் கடை ஓடாது.

கடைசியாக, நீங்கள் எழுதாமல் விட்ட ஆசையைப் பற்றி. வார்டில் நிற்க நினைக்கிறீர்கள், இல்லையா? நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக 2022 பிப்ரவரி 19 அன்று நடந்தது. பதவிக்காலம் ஐந்து ஆண்டு. கிராம ஊராட்சி மாதிரி கட்சியில்லாத தேர்தல் இல்லை, பேரூராட்சி வார்டிலேயே கட்சிச் சின்னம் உண்டு. இடங்களில் பாதி பெண்களுக்கு. ஆனால் வார்டு பெண்களுக்கு என்று அறிவிப்பு வந்ததும் முதலில் அடிபடும் பெயர் ஏதாவது நிர்வாகியின் மனைவியுடையதாக இருக்கும். வென்ற பிறகு மன்றத்தில் கையெழுத்து மட்டும் அந்த அம்மா போடுவார், மற்றதெல்லாம் வீட்டுக்காரர். உங்களுக்கு இருக்கும் ஒரே பிடி பட்டியல். சின்ன வார்டில் ஒற்றை ஓட்டில் ஜெயித்தவர்களும் 2022-ல் இருந்தார்கள். நாற்பது மருமகள்களின் பெயரைச் சேர்த்தவள் என்றால் மாவட்டச் செயலாளர் உங்கள் பெயரை எளிதில் தாண்டிப் போக முடியாது.

விருப்ப மனு வாங்க ஆரம்பித்ததும் கட்டணத்தைக் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். இவ்வளவும் செய்த பிறகு சீட்டை வேறு யாருக்காவது கொடுத்தால், அப்போது எழுதுங்கள். விலகுவதா, சுயேச்சையாக நிற்பதா என்று பேசலாம்.