சூரிய சக்தி நேற்று முளைத்ததா?

கேள்வி: சூரிய மின்சாரம் நேற்று முளைத்த தொழில்நுட்பம். அது நன்கு வளர்ந்து விலை குறையும் வரை நிலக்கரியை நம்பியிருப்பதுதானே அறிவுடைமை? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: நேற்று முளைத்தது என்பதை ஏற்க இயலாது. பிரான்சின் தூர் நகரில் கணித ஆசிரியராக இருந்த அகுஸ்தன் மூஷோ, நிலக்கரி ஒருநாள் தீர்ந்துவிடும் என்ற கவலையால் 1860களிலேயே வெயிலைக் கொண்டு நீராவி எந்திரத்தை இயக்கிக் காட்டினார். 1878இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் வெயிலைக் குவித்துப் பெற்ற வெப்பத்தைக் கொண்டே பனிக்கட்டி தயாரித்துத் தங்கப் பதக்கமும் பெற்றார். அதே காலத்தில் பம்பாயில் பணியாற்றிய வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேயர், தட்டைக் கண்ணாடிகளை வரிசையாக நிறுத்திக் கொதிகலனைச் சூடாக்கி நீராவி எந்திரத்தை ஓட்டியதுடன், வெப்ப நாடுகளில் விறகுக்கும் நிலக்கரிக்கும் இது மாற்றாகும் என்று நூலும் எழுதினார். மூஷோவின் கருவி வேலை செய்யாமல் போகவில்லை. இங்கிலாந்துடன் ஏற்பட்ட வணிக ஒப்பந்தத்தாலும் ரயில் பாதைகள் பெருகியதாலும் பிரான்சில் நிலக்கரி மலிந்தது. அரசு உதவியை நிறுத்திக்கொண்டது.

இந்த வரலாற்றில் என்னை மிகவும் வருந்தச் செய்வது எகிப்தின் மாடி என்ற ஊரில் நடந்தது. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வர வேண்டியிருந்ததால் அங்கே நிலக்கரி விலை மிக அதிகம். அமெரிக்கப் பொறியாளர் ஃபிராங்க் ஷூமன், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 62 மீட்டர் நீளமுள்ள ஐந்து வளைவுக் கண்ணாடித் தொட்டிகளை அங்கே நிறுவி, அவை குவித்த வெயிலால் நீராவி உண்டாக்கி, 1913இல் நைல் நதி நீரைப் பருத்தி வயல்களுக்கு நிமிடத்துக்கு 20,000 லிட்டருக்கும் மேலாக இறைத்துக் காட்டினார். ஆட்சியாளர்கள் ஆர்வம் காட்டினர். இத்தகைய முயற்சிக்கு ஜெர்மன் நாடாளுமன்றம் பணம் ஒதுக்கியது. மறு ஆண்டே உலகப் போர் மூண்டதால் பொறியாளர்கள் நாடு திரும்பினர், 1918இல் ஷூமன் இறந்தார், போருக்குப் பின் மலிந்து பெருகிய பெட்ரோலியம் அந்த முயற்சியை மறக்கடித்தது.

ஒளியை நேரடியாக மின்சாரமாக்கும் வழியும் புதிதன்று. பிரெஞ்சு இயற்பியலாளர் பெக்கரல் அந்த விளைவைக் கண்டது 1839இல். அமெரிக்காவின் பெல் ஆய்வகம் சுமார் 6 சதவீதத் திறனுள்ள சிலிக்கான் மின்கலத்தை அறிவித்தது 1954இல். நான்கே ஆண்டுகளில் அது வான்கார்டு செயற்கைக்கோளில் ஏறி விண்வெளிக்குச் சென்றுவிட்டது. ஆனால் வீட்டுக் கூரைக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆயின. சூரிய மின்சாரத்துக்கு உறுதியான கொள்முதல் விலை தரும் சட்டத்தை ஜெர்மனி 2000இல் இயற்றிய பிறகு தேவை பெருகியது, அந்தத் தேவையை நம்பிச் சீனத் தொழிற்சாலைகள் உற்பத்தியை விரித்தன, விலை சரிந்தது. வாங்கியவர்களால்தான் விலை இறங்கியதே தவிர, இறங்கட்டும் என்று காத்திருந்தவர்களால் அன்று.

இரவுத் தேவைக்கான சேமிப்பு இன்னும் செலவு மிக்கது என்று நீங்கள் கேட்டிருந்தால் உங்களோடு உடன்பட்டிருப்பேன். அந்தக் குறையைக் காட்டி, பகலில் கிடைக்கும் மின்சாரத்தையும் வேண்டாமென்று தள்ளிப்போட நமக்கு எந்தக் காரணமும் இல்லை.