லோட்டஸ் கார்ல்டனா, ஜூலியா ஜிடிஏவா?

இங்கிலாந்தில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "அரிய செடான் ஒன்று வாங்கப் பணம் சேர்த்திருக்கிறேன். 1990களின் லோட்டஸ் கார்ல்டன், 2020இல் அறிமுகமான ஆல்ஃபா ரோமியோ ஜூலியா ஜிடிஏ, இரண்டில் எதை எடுக்கலாம்? வார இறுதியில் மனைவி, இரு பிள்ளைகளோடு ஓட்டுவேன்."

ஜிடிஏவில் இரண்டு வகை உண்டு. ஜிடிஏஎம் என்ற வகையில் பின் இருக்கை கிடையாது; அங்கே பாதுகாப்புக் கம்பிச் சட்டம்தான் இருக்கும். அது உங்களுக்கு வேண்டாம். இரு வகையும் சேர்த்தே 500 கார்கள் என்பதால், கிடைத்ததை எடுத்துக்கொள்ளும் அவசரம் வரும். பொறுத்திருங்கள்.

கார்ல்டன் மீதான ஆசை எனக்கு நன்றாகவே புரிகிறது. ஜெர்மனியிலிருந்து வந்த ஓப்பல் ஒமேகா (பிரிட்டனில் இதன் பெயர்தான் கார்ல்டன்) கார்களை நார்ஃபோக்கின் ஹெத்தல் ஆலையில் பிரித்து, லோட்டஸ் புதிதாகவே கட்டிக் கொடுத்தது. 3.6 லிட்டர், வரிசையில் ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ, 377 குதிரைத்திறன், மணிக்கு 280 கி.மீ.க்கு மேல் வேகம். குடும்பக் காருக்கு இந்த வேகம் எதற்கு என்று பிரிட்டிஷ் பத்திரிகைகள் அன்று கொதித்தன. 1993இல் திருடுபோன '40 ஆர்ஏ' என்ற எண்ணுள்ள கார்ல்டனில் வந்து கடைகளைக் கொள்ளையடித்த கும்பலைப் போலீஸ் வாகனங்களால் துரத்திப் பிடிக்கவே முடியவில்லை. ஆறு கியர்களையும் கையால் மாற்றி, ஓட்டுநரின் காலை நம்பி ஓடும் இப்படியொரு செடானை இனி யாரும் செய்யப்போவதில்லை.

ஆனாலும் உங்களுக்கு நான் சொல்வது ஜிடிஏ. 2.9 லிட்டர் வி6 எஞ்சின் 540 குதிரைத்திறன் தருகிறது. எட்டு கியர்கள் தானாக மாறும். இயந்திர பாகங்களில் பெரும்பாலானவை ஜூலியாவின் வேக வகையான குவாட்ரிஃபோலியோ மாடலோடு பொதுவானவை என்பதால் பழுதுபார்ப்பு எளிது. செலவு வைப்பது உடற்பகுதிதான். முன் பம்பர், பானெட், கூரை எல்லாம் கார்பன் இழை. சிறு உரசலும் பர்ஸைப் பதம் பார்க்கும். சக்கரங்களை நடுவில் ஒரே நட்டுதான் பிடித்திருக்கிறது. பந்தயக் கார் வழக்கம் அது. தெருமுனை டயர் கடையில் அதைக் கழற்றும் கருவி பெரும்பாலும் இருக்காது.

கார்ல்டனில் நிலைமை நேரெதிர். மொத்தம் 950 கார்கள். அவற்றில் பிரிட்டனுக்கான வலப்புற ஸ்டீயரிங் கார்கள் 320 மட்டுமே. லோட்டஸ் இதற்கென்றே செய்த பாகம் ஒன்று போனால் மாதக்கணக்கில் தேட வேண்டியிருக்கும். வார இறுதிப் பயணத்தை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு அது ஒத்துவராது. வீட்டில் தினசரி ஓட்ட வேறொரு கார் இருந்து, பழைய லோட்டஸ் அறிந்த மெக்கானிக்கும் பக்கத்தில் கிடைத்தால், என் பதில் கார்ல்டன் என்று மாறும். அப்போது எஞ்சின் சத்தத்தில் மயங்குவதற்கு முன் காரை லிஃப்டில் ஏற்றச் சொல்லுங்கள். பின்சக்கர வளைவுகளிலும் கதவுக்கடியிலும் துரு இருக்கிறதா என்று பாருங்கள். அகலமான பக்கவாட்டுப் பட்டைகள் துருவை நன்றாக மறைத்துவிடும். அவற்றைக் கழற்றிக் காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.