ப்ராக் நகரில் சனிக்கிழமை டிக்கெட் ஏன் இல்லை?

சனி காலை செக் நாட்டுத் தலைநகர் ப்ராக் போய் ஞாயிறு இரவு கிளம்புகிறீர்கள், யூதப் பகுதிக்குச் சனிக்கிழமை டிக்கெட்டே காட்டவில்லை என்கிறீர்கள். இணையதளத்தில் கோளாறு இல்லை. சனி யூதர்களுடைய ஓய்வுநாள், சப்பாத். யூத அருங்காட்சியகம் அன்று மூடியிருக்கும், யூதப் பண்டிகை நாட்களிலும் அப்படித்தான். அதனால் ப்ராக் கோட்டையைச் சனிக்கு மாற்றிவிட்டு, இதை ஞாயிறு காலைக்கு வையுங்கள்.

'இப்போது அங்கே யூதர்கள் இருக்கிறார்களா, வெறும் காட்சிப்பொருளா' என்றும் கேட்டிருந்தீர்கள். சின்னச் சமூகம்தான், ஆனால் இருக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டில் கட்டிய, 'பழைய-புதிய' என்ற பெயருள்ள தொழுகைக்கூடத்தில் இன்றும் வழிபாடு நடக்கிறது. உள்ளே போனால் ஆண்கள் தலையை மூடவேண்டும். பக்கத்திலேயே யூத நகர மன்றக் கட்டடம். அதன் கீழ்க் கடிகாரத்தில் எபிரேய எழுத்துகள், முட்கள் இடம்சுழியாக ஓடும். எபிரேயம் வலமிருந்து இடமாக எழுதுவது இல்லையா! இதைத் தெருவிலிருந்தே பார்க்கலாம், சனிக்கிழமையும்.

அப்புறம், பின்காஸ் தொழுகைக்கூடத்தை அவசரமாகப் பார்த்துவிட்டு வராதீர்கள். நாஜிகள் கொன்ற ஏறத்தாழ 78,000 செக் யூதர்களின் பெயர்கள் அதன் சுவர்களில் கையால் எழுதப்பட்டிருக்கின்றன. நான் அரைமணி நேரம் ஒதுக்கினேன், போதவில்லை.