எங்கள் ஊர் இளைஞர் மன்றக் கட்டிடத்தைச் சுற்றுச்சூழலுக்கு உகந்ததாக மாற்ற வேண்டும். சோலார் பலகையில் இருந்து தொடங்கலாமா?

சோலாரைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். நன்கொடை கேட்கவும் புகைப்படம் எடுக்கவும் அது வசதி என்பதால்தான் எல்லோர் வாயிலும் முதலில் வருகிறது. எங்கள் மன்றத்தில் சில ஆண்டுகள் பொருளாளராக இருந்து கரண்ட் பில் கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: வீணாவதை நிறுத்துவதுதான் முதல் வேலை, செலவும் அதற்குத்தான் குறைவு.

பழைய சீலிங் ஃபேன் முழு வேகத்தில் சுமார் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி ஃபேன், அதாவது கார்பன் பிரஷ் இல்லாத டிசி மோட்டார் வைத்த ஃபேன், ஏறக்குறைய 30 வாட்டில் அதே காற்றைத் தரும். எட்டு ஃபேன் தினமும் ஐந்து மணி நேரம் ஓடினால் 3 யூனிட் ஆகிற இடத்தில் 1.2 யூனிட்டோடு முடிந்துவிடும். ஆனால் இந்த ஃபேன்கள் பெரும்பாலும் ரிமோட்டோடு வருகின்றன. நாலு பேர் புழங்கும் இடத்தில் ரிமோட் எத்தனை நாள் தங்கும்? சுவர் ரெகுலேட்டரில் இயங்கும் மாடலாகக் கேட்டு வாங்குங்கள். எங்கள் கேரம் அறையில் ரிமோட்டை ஜன்னல் கம்பியில் சணல் கயிறு போட்டுக் கட்டிவைத்திருக்கிறார்கள். பார்க்கச் சகிக்காது, ஆனால் தொலையவில்லை. கூடவே, கோடைக்கு முன் மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு அடித்துவிடுங்கள். கீழே சூடு இறங்குவது குறையும். கூலியாள் வேண்டாம், உறுப்பினர்களே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம்.

அடுத்தது தண்ணீர். மோட்டாரைப் போட்டுவிட்டு கிரிக்கெட் பார்க்க உட்கார்ந்துவிடுவார்கள், மேல்தொட்டி வழிந்து தெரு நனையும். தொட்டி நிறைந்ததும் மோட்டாரைத் தானே நிறுத்தும் கருவி ஒன்று மாட்டினால் அந்தச் சண்டையே ஓய்ந்துவிடும். மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டிடங்களுக்கும் கட்டாயம். உங்கள் கட்டிடத்திலும் குழாய் இருக்கும். அது எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். பல இடங்களில் வடிகட்டித் தொட்டி மண் மூடிக் கிடக்கிறது. ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 900 லிட்டர் விழுகிறது. ஐப்பசி பிறப்பதற்கு முன்பே ஜல்லியையும் மணலையும் அள்ளி அலசிப் போட்டு, மாடியைப் பெருக்கிவிட்டால் போதும். முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள். தூசியும் காக்கை எச்சமும் அதில்தான் வரும்.

குப்பையைப் பொறுத்தவரை, மன்றத்தின் அன்றாடக் குப்பை ஒன்றுமில்லை. பொங்கல் விளையாட்டு விழா, ஆண்டு விழா, அன்னதானம், இவைதான் கணக்கு. காகிதக் கப் வாங்கினால் பாவம் தீர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். உள்ளே பிளாஸ்டிக் பூசிய கப்பும் தட்டும் 2019 ஜனவரி முதல் இங்கே தடை செய்யப்பட்டவைதான். எவர்சில்வர் டம்ளரும் தட்டும் மன்றத்துக்கென்று வாங்கிவிடுங்கள், ஊர் வீட்டு விசேஷங்களுக்கு வாடகைக்கும் விடலாம். கழுவுகிற வேலையை மட்டும் யாருடையது என்று முன்கூட்டியே எழுதி ஒட்டுங்கள், இல்லையென்றால் அது பெண் உறுப்பினர்கள் தலையில் போய் விடியும்.

ஃபிளெக்ஸ் பேனரைப் பற்றிப் பேசினால் உங்கள் தலைவர் கோபித்துக்கொள்வார். தேதி போடாத துணிப் பேனர் ஒன்று எழுதி வாங்குங்கள், ஆண்டுதோறும் அதையே கட்டலாம்.

இத்தனையும் முடிந்த பிறகு பில்லைப் பாருங்கள். அப்போதும் தேவைப்பட்டால் சோலார். ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத சுமார் நூறு சதுர அடி வேண்டும், நல்ல வெயிலில் நாளுக்கு நான்கு யூனிட் வரை கிடைக்கும். மன்றம் பெரும்பாலும் மாலையில்தான் கூடும் என்பதால் பகல் மின்சாரத்தை வாரியத்துக்குக் கொடுத்துக் கணக்கில் கழிக்க வேண்டியிருக்கும். அதற்கு முன், மின் இணைப்பு மன்றத்தின் பெயரில் இருக்கிறதா, காலமான முன்னாள் தலைவர் யாருடைய பெயரிலாவது இருக்கிறதா என்று அட்டையை எடுத்துப் பாருங்கள்.